குழந்தைகளைக் காத்த பூதங்கள்

ஒரு பெரிய மாளிகை. அதன் தோட்டத்தில் ஒரு குளம்.

குளத்துத் தண்ணீரை விலக்கிக்கொண்டு ஒரு தலை எழும்புகிறது. உச்சந்தலை தட்டுப் போலக் குழிந்திருக்கிறது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் பறவையின் அலகு. முதுகில் ஆமையின் ஓடு. விரல்களுக்கு நடுவே வாத்துக்கு இருப்பது போன்ற தோல்.

இந்தப் பூதத்தின் பெயர் காப்பா. குளம்தான் அதன் வீடு.

மாளிகைக்குள் ஓர் அதிகாரி நடமாடுகிறார். அவரைக் கண்டதும் காப்பாவுக்குச் சந்தேகம். உருவம் அதிகாரியின் உருவம்தான். ஆனால் உள்ளே இருப்பது வேறு ஏதோ ஒன்று. மனித இரத்தம் குடிக்கும் அரக்கன்!

பாவம், காப்பா சும்மா இருந்திருக்கலாம். சண்டைக்குப் போகிறது. செம்மையாக உதை வாங்குகிறது. குளத்தை விட்டே ஓடுகிறது.

பார்க்கிற நமக்குச் சிரிப்பும் வருகிறது. இரக்கமும் வருகிறது. வீட்டை இழந்து ஓடுவது மனிதனாக இருந்தால் என்ன, பூதமாக இருந்தால் என்ன?

இது ஒரு ஜப்பானிய சினிமாப் படத்தில் வரும் காட்சி. படத்தின் பெயர் 'யோகாய் டைசென்சோ'. பூதங்களின் பெரும் போர் என்று அர்த்தம். 1968-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஜப்பானில் வெளிவந்தது. ஓடும் நேரம் 79 நிமிடம்தான்.

யோகாய் என்பது யார்?

ஜப்பானியர்கள் 'யோகாய்' என்று சொல்வதை நாம் பூதம் என்கிறோம். வேறு நல்ல சொல் இல்லை. ஆனால் பேய், பிசாசு, பூதம் எதுவும் அதற்கு முழுதாகப் பொருந்தாது.

செத்தவர்களின் ஆவியை ஜப்பானியர்கள் 'யூரேய்' என்பார்கள். அது வேறு. யோகாய் பெரும்பாலும் செத்துப் பிறந்தது அல்ல. அது ஆற்றில் இருக்கும். மலைப்பாதையில் இருக்கும். வீட்டுக் கூரையில் இருக்கும். பழைய சாமான்களிலும் இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. ஒரு வேலையும் உண்டு.

'அசுகி அராய்' என்று ஒன்று. ஆற்றங்கரையில் உட்கார்ந்து சிவப்புப் பயறு கழுவும். 'சரக், சரக்' என்று சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். அதற்கு அந்த ஒரு வேலைதான்.

'ரோகுரோகுபி' ஒரு பெண். பகலில் எல்லாரையும் போல இருப்பாள். இரவில் அவள் கழுத்து பாம்பு போல நீண்டுகொண்டே போகும்.

'காராகாசா' ஒரு பழைய காகிதக் குடை. அதற்கு ஒற்றைக் கண். ஒற்றைக் கால். நீண்ட நாக்கு. குதித்துக் குதித்து நடக்கும். ஒரு சாமானுக்கு நூறு வயது ஆகிவிட்டால் அதற்கு உயிர் வந்துவிடும் என்பது ஜப்பானில் பழைய நம்பிக்கை. குடையானாலும் சரி, செருப்பானாலும் சரி. ஆகவே வீட்டுப் பொருளை அலட்சியமாக வீசி எறியக் கூடாது என்பார்கள்.

காப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் தலைக்குழியில் இருக்கும் தண்ணீரில்தான் அதன் பலம் இருக்கிறது. காப்பா மரியாதை தெரிந்த பூதம். நாம் குனிந்து வணங்கினால் அதுவும் குனிந்து வணங்கும். உடனே தண்ணீர் கொட்டிவிடும். பலமும் போய்விடும்! வெள்ளரிக்காய் என்றால் அதற்கு உயிர். இன்றும் வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சோற்றுக்கு ஜப்பானில் 'காப்பா சுருள்' என்றுதான் பெயர்.

ஆனால் பிள்ளைகளிடம் பெரியவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். "ஆழமான ஆற்றுக்குப் போகாதே. காப்பா காலைப் பிடித்து இழுத்துவிடும்!"

யோசித்துப் பாருங்கள். "தண்ணீர் ஆழம்" என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்கும்? "காப்பா இருக்கிறது" என்றால் கேட்கும். பயமுறுத்திய பூதம்தான் பிள்ளையின் உயிரைக் காத்தது. நீர்நிலைகளின் ஓரத்தில் 'இங்கே இறங்காதே' என்று எச்சரிக்கும் பலகைகளில் இன்றைக்கும் காப்பாவின் படத்தை வரைகிறார்கள்.

கடல் கடந்து வந்த அரக்கன்

படத்தின் கதைக்கு வருவோம்.

பாபிலோன் என்ற பழைய நாடு இன்றைய ஈராக்கில் இருந்தது. அங்கே ஊர் என்ற நகரம் மண்மூடிக் கிடக்கிறது. (நகரத்தின் பெயரே ஊர்தான்!) புதையல் தேடும் திருடர்கள் அங்கே தோண்டுகிறார்கள். பல ஆயிரம் ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த ஓர் அரக்கன் விழித்துக்கொள்கிறான். அவன் பெயர் டைமோன். எழுப்பியவர்களைக் கொன்றுவிட்டுக் கடல் கடந்து பறக்கிறான். ஜப்பானில் இசு என்ற பகுதியில் வந்து இறங்குகிறான்.

அந்த வட்டாரத்து அதிகாரி இசோபே. நல்ல மனிதர். டைமோன் அவரைக் கொன்று இரத்தத்தைக் குடிக்கிறான். அவர் உருவத்தையே எடுத்துக்கொள்கிறான். மாளிகைக்குள் நுழைகிறான். வீட்டில் இருக்கும் பூஜை மாடங்களை அழிக்கச் சொல்கிறான்.

மகள் சியே திகைத்துப் போகிறாள். அப்பாவா இப்படிச் செய்கிறார்? இளம் வீரன் ஷின்ஹாச்சிரோவுக்கும் சந்தேகம் வருகிறது.

இதற்குள் உதை வாங்கிய காப்பா காட்டுக்குள் ஓடுகிறது. அங்கே ஒரு பாழடைந்த கோயில். ஊர்ப் பூதங்கள் கூடும் இடம் அதுதான். காப்பா நடந்ததைச் சொல்கிறது.

பூதங்கள் நம்பவில்லை! சிரிக்கின்றன. ஒரு பூதம், பூதங்களின் படம் போட்ட புத்தகத்தை எடுத்துப் புரட்டுகிறது. காப்பா சொல்கிற மாதிரி உருவம் அதில் எங்கேயும் இல்லை. "புத்தகத்தில் இல்லை. ஆகவே அப்படி ஒன்று கிடையாது" என்று முடிவு கட்டிவிடுகின்றன. காப்பாவுக்கு அவமானம்.

இந்தக் காட்சி சிரிப்புக்காக எடுத்ததுதான். ஆனால் மனிதர்களுக்கும் இது பொருந்தும். ஆபத்து வந்திருக்கிறது என்று ஒருவன் ஓடிவந்து சொல்கிறான். நாம் பதிவேட்டைப் பார்க்கிறோம். பதிவேட்டில் இல்லை என்று அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறோம்!

குழந்தைகள் வந்தார்கள்

டைமோனுக்குத் தாகம் அடங்கவில்லை. இப்போது அவனுக்குக் குழந்தைகளின் இரத்தம் வேண்டும். ஊரில் உள்ள குழந்தைகளைப் பிடித்து வரும்படி ஆட்களை அனுப்புகிறான்.

அதிகாரியின் உத்தரவு. யார் எதிர்த்துப் பேசுவது? சேவகர்கள் வீடு வீடாகத் தேடுகிறார்கள்.

இரண்டு குழந்தைகள் தப்பி ஓடுகிறார்கள். காட்டுக்குள் நுழைகிறார்கள். பின்னால் சேவகர்கள். ஓட முடியாத அளவுக்கு ஓடிய பிறகு குழந்தைகள் வந்து சேரும் இடம் எது தெரியுமா? பூதங்கள் இருக்கும் அதே பாழுங்கோயில்!

முன்னால் பூதங்கள். பின்னால் மனிதர்கள். எந்தப் பக்கம் பயம்?

பூதங்கள் வெளியே வருகின்றன. நீண்ட கழுத்தும் ஒற்றைக் கண் குடையும் கண்ட சேவகர்கள் அலறி அடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். குழந்தைகள் நடந்ததைச் சொல்கிறார்கள். காப்பா சொன்னது உண்மை என்று பூதங்களுக்கு அப்போதுதான் புரிகிறது. காப்பாவிடம் மன்னிப்புக் கேட்கின்றன.

படத்தின் உயிர்நாடி இந்த இடம்தான். அதிகாரம் பிள்ளைகளை வேட்டையாடுகிறது. பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்கென்றே ஏற்பட்ட பூதங்கள் அவர்களைக் காக்கின்றன.

பிறகு போர் தொடங்குகிறது. பூதங்கள் எளிதில் ஜெயித்துவிடவில்லை. முதலில் தோற்கின்றன. குடை என்ன செய்யும்? நீண்ட கழுத்து என்ன செய்யும்? அரக்கனின் பலத்துக்கு முன்னே அவை வெறும் நாட்டுப்புறத்து ஏழைகள். ஷின்ஹாச்சிரோ எய்த அம்பு டைமோனின் ஒரு கண்ணைத் துளைக்கிறது. அரக்கனின் பலவீனம் கண்ணில்தான் இருக்கிறது. ஆனாலும் அவன் சாகவில்லை.

கடைசியில் ஜப்பானின் நாலா பக்கத்திலிருந்தும் பூதங்கள் திரண்டு வருகின்றன. ஆற்றில் இருந்தவை, மலையில் இருந்தவை, கூரையில் இருந்தவை எல்லாம் வருகின்றன. டைமோன் தன்னைப் போலப் பல உருவங்களை உண்டாக்குகிறான். மலை போல வளர்கிறான். பூதங்கள் அவன் கண்ணையே குறி வைக்கின்றன. அரக்கன் அழிகிறான்.

வெற்றி பெற்ற பூதங்கள் மாளிகையைப் பிடித்துக்கொள்ளவில்லை. பட்டம் பதவி கேட்கவில்லை. விடியும் நேரத்தில் கூட்டமாக ஆடி அசைந்து நடந்து தங்கள் இருப்பிடத்துக்குத் திரும்புகின்றன.

எப்படி எடுத்தார்கள்?

படத்தை எடுத்தது டாயெய் கம்பெனி. கியோத்தோ நகரத்தில் அதன் ஸ்டூடியோ இருந்தது. 1951-ல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசு பெற்று உலகத்தின் கண்ணைத் திறந்த 'ராஷோமோன்' படத்தைத் தயாரித்ததும் இதே கம்பெனிதான்.

டைரக்டர் குரோடா யோஷியுகி. அவர் தந்திரக் காட்சிகளில் கைதேர்ந்தவர். 1966-ல் டாயெய் எடுத்த 'டைமாஜின்' படங்களின் தந்திரக் காட்சிகள் அவர் பொறுப்பில் நடந்தவை. கல் சிலை ஒன்று உயிர் பெற்றுக் கொடியவர்களைத் தண்டிக்கும் கதை அது.

கம்ப்யூட்டர் இல்லாத காலம். எல்லாம் கை வேலை. முகமூடி, ரப்பர் உடை, பொம்மை, கம்பி இவற்றை வைத்தே பூதங்களை நடமாட விட்டார்கள். இன்று பார்த்தால் சில இடங்களில் பொம்மை என்று தெரியத்தான் செய்கிறது. ஆனால் அதுவே ஒரு அழகு. திருவிழாவில் வேஷம் கட்டி வருகிறவர்களை நாம் ரசிப்பதில்லையா?

ஒரு பூதத்தின் பெருத்த வயிறு டெலிவிஷன் பெட்டி போல வேலை செய்யும். தூரத்தில் நடப்பதை மற்றப் பூதங்கள் அந்த வயிற்றில் பார்க்கும்! பழைய கதையில் அது ஒரு மாயக் கண்ணாடி. வீடுதோறும் டெலிவிஷன் வந்துவிட்ட ஜப்பானில் பிள்ளைகளுக்குப் புரியும்படி இப்படி மாற்றிவிட்டார்கள்.

டைமோனாக நடித்தவர் ஹாஷிமோத்தோ சிகாரா. தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரராக இருந்து நடிகரானவர். 'டைமாஜின்' படங்களில் கல் சிலைக்குள் இருந்தவரும் அவரே. முகமூடிக்கு வெளியே அவர் கண்கள் மட்டுமே தெரியும். இமை கொட்டாமல் அவர் பார்க்கும் பார்வையில் அரங்கமே நடுங்கியது. புரூஸ் லீ நடித்து 1972-ல் வந்த 'ஃபிஸ்ட் ஆப் ப்யூரி' படத்தைப் பார்த்தவர்களுக்கும் இவரைத் தெரிந்திருக்கும். கடைசியில் புரூஸ் லீயோடு மோதும் ஜப்பானிய வில்லன் இவர்தான்.

டாயெய் எடுத்த பூதப் படங்கள் மொத்தம் மூன்று. 1968 மார்ச்சில் வந்த முதல் படத்தில் ஒரு பேராசைக்காரன் ஏழைகளின் குடியிருப்பை இடிக்கப் பார்க்கிறான். பூதங்கள் அவனைத் தண்டிக்கின்றன. இரண்டாவது, நாம் பார்த்த படம். 1969 மார்ச்சில் மூன்றாவது. அதில் தகப்பனைத் தேடி நெடுஞ்சாலையில் நடக்கும் ஒரு சிறுமியைக் கொலைகாரர்கள் துரத்துகிறார்கள். அங்கேயும் பூதங்கள் அவள் பக்கம். மூன்று கதையிலும் பூதங்கள் எளியவர்கள் பக்கமே நிற்பதைக் கவனியுங்கள்.

அழிக்க வந்தவரும் காக்க வந்தவரும்

பூதங்களின் படப்புத்தகம் என்றோமே, அது சினிமாவுக்காகச் சொன்ன கற்பனை அல்ல. 1776-ம் ஆண்டு தோரியாமா செகியென் என்ற ஓவியர் பூதங்களை ஒவ்வொன்றாக வரைந்து பெயர் எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். நல்ல வரவேற்பு. மேலும் மேலும் வரைந்தார்.

பிறகு காலம் மாறியது. ரயில் வந்தது. பள்ளிக்கூடம் வந்தது. இனோயுவே என்ரியோ என்ற அறிஞர் தோன்றினார். "பூதம் என்பது மூடநம்பிக்கை. இதை ஒழித்தால்தான் நாடு முன்னேறும்" என்பது அவர் கருத்து. ஊர் ஊராகப் போனார். பூதக் கதைகளைத் திரட்டினார். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லி விளக்கினார். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் 'பூத டாக்டர்'! ஒழிப்பதற்காக அவர் சேர்த்த கதைகள் பிற்காலத்தில் பூதங்களைத் தேடியவர்களுக்கே உதவின.

அடுத்து வந்தவர் யனகிதா குனியோ. இவர் வழி வேறு. "கதை பொய்யா, மெய்யா என்பது இருக்கட்டும். அதைச் சொல்லும் ஜனங்களின் மனசு என்ன?" என்று பார்த்தார். 1910-ல் தோனோ என்ற மலை வட்டாரத்துக் கதைகளைப் புத்தகமாக்கினார்.

ஆனாலும் பட்டணத்துப் பிள்ளைகள் பூதங்களை மறந்துகொண்டே வந்தார்கள். அவர்களிடம் பூதங்களைத் திரும்பக் கொண்டுவந்தவர் ஒரு கை இல்லாத மனிதர்.

கிழவி சொன்ன கதை

அவர் பெயர் மிசுகி ஷிகெரு. 1922-ல் பிறந்தவர். வளர்ந்தது தொத்தோரி மாநிலத்தில் சாகாய்மினாதோ என்ற துறைமுக ஊர்.

அவர் வீட்டுக்கு ஒரு கிழவி வந்து போவாள். பிள்ளைகள் அவளை 'நோன்னோன்பா' என்று கூப்பிடுவார்கள். சாமி கும்பிடும் பாட்டி என்று அர்த்தம். பரம ஏழை. ஆனால் அவளுக்குத் தெரியாத பூதம் கிடையாது.

கூரையில் கறை இருந்தால், "பார், ராத்திரி பூதம் வந்து நாக்கால் நக்கிவிட்டுப் போயிருக்கிறது" என்பாள். சிறுவன் நிமிர்ந்து பார்ப்பான். கறை பூதமாகத் தெரியும். அழுக்கான குளியல் தொட்டியை நக்க வரும் பூதமும் உண்டு. தொட்டியைக் கழுவி வைத்தால் வராது!

சிறுவன் வளர்ந்தான். உலகப் போர் வந்தது. பட்டாளத்தில் பிடித்துப் போட்டார்கள். 1943-ல் நியூ பிரிட்டன் தீவில் உள்ள ரபௌல் என்ற இடத்துக்கு அனுப்பினார்கள்.

அங்கே அவர் இருந்த சிறு படை தாக்கப்பட்டது. காவல் பார்க்கப் போயிருந்த அவர் மட்டும் பிழைத்தார். கடலில் நீந்தியும் காட்டில் தடுமாறியும் முகாமுக்குத் திரும்பினார். "வந்தாயா மகனே" என்று சொல்லவில்லை அங்கே. "மற்றவர்கள் செத்தபோது நீ ஏன் சாகவில்லை?" என்று திட்டினார்கள்.

தப்பி வரும்போது நடந்த ஒன்றை மிசுகி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இருட்டில் காட்டுக்குள் போகிறார். திடீரென்று முன்னே போக முடியவில்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சுவர் போல ஏதோ தடுக்கிறது. களைத்துப் போய் உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரம் கழித்து எழுந்தபோது வழி விட்டிருந்தது. வழியை மறிக்கும் சுவர்ப் பூதத்துக்கு 'நுரிகாபே' என்று பெயர். "நான் கண்டது அதுதான்" என்பது மிசுகியின் முடிவு.

பிறகு மலேரியா. படுத்துக் கிடக்கையில் விமானம் குண்டு போட்டது. இடது கை போய்விட்டது.

போர் முடிந்தது. ஒரே கையோடு ஊர் திரும்பினார். தெருவில் படம் காட்டிக் கதை சொல்கிறவர்களுக்கு அட்டைப் படம் வரைந்து கொடுத்தார். வாடகைக்குப் படிக்கும் சித்திரக் கதைப் புத்தகங்களுக்கு வரைந்தார். வறுமைதான். ஆனால் கிழவி சொன்ன பூதங்கள் அவரை விடவில்லை. மிச்சமிருந்த கையால் அவற்றை வரைந்துகொண்டே இருந்தார்.

'கிதாரோ' என்ற பூதச் சிறுவனின் கதை பெயர் வாங்கித் தந்தது. 1968 ஜனவரியில் அது கார்ட்டூன் படமாக டெலிவிஷனில் வந்தது. ஜப்பான் முழுவதும் பிள்ளைகளுக்குப் பூதப் பைத்தியம் பிடித்தது. டாயெய் கம்பெனி பூதப் படங்களை வெளியிட்டது அதே ஆண்டில்தான்.

மறுபடியும் ஒரு போர்

1971-ல் டாயெய் கம்பெனி நொடித்துப் போயிற்று. பூதங்கள் பெட்டிக்குள் போய்விட்டன. 2002-ல் கதோகாவா என்ற புத்தகக் கம்பெனி டாயெயின் சொத்துக்களை வாங்கியது. 2005 ஆகஸ்டில் அதே பெயரில் புதிய படம் ஒன்றை வெளியிட்டது. டைரக்டர் மீகே தகாஷி.

பெயர்தான் ஒன்று. கதை வேறு. ததாஷி ஒரு பட்டணத்துச் சிறுவன். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அவன் தாயோடும் தாத்தாவோடும் தொத்தோரியில் ஒரு கிராமத்தில் வாழ்கிறான். அக்காள் தகப்பனோடு தோக்கியோவில். ததாஷி பயந்த சுபாவம். ஊர்த் திருவிழாவில் ஆடி வரும் சிங்க வேஷம் அவன் தலையைக் கவ்வுகிறது. யாரைக் கவ்வுகிறதோ அவனே அந்த ஆண்டு ஊரைக் காக்கும் வீரன் என்பது வழக்கம்.

இந்தப் படத்தின் வில்லன் கடல் கடந்து வரவில்லை. மனிதர்கள் உபயோகித்துத் தூக்கி எறிந்த சாமான்களின் மனக்குறை எல்லாம் ஒன்று சேர்ந்து ஒரு பெரும் கோபமாகத் திரண்டிருக்கிறது. அதை வில்லன் பயன்படுத்துகிறான். பூதங்களைப் பிடித்துப் பழைய இரும்போடு சேர்த்து உலையில் போட்டு, இயந்திர அரக்கர்களாக மாற்றுகிறான்.

ததாஷியாக நடித்தவன் கமிகி ரியுனோசுகே என்ற பையன். அவர் வளர்ந்து பெரிய நடிகராகி, 2023-ல் வந்த 'காட்ஜில்லா மைனஸ் ஒன்' படத்தில் கதாநாயகன் ஆனார்.

வேடிக்கையைக் கேளுங்கள். "வாருங்கள், போருக்குப் போவோம்" என்று அழைத்ததும் முக்கால்வாசிப் பூதங்கள் நழுவிவிடுகின்றன! பிறகு தோக்கியோவில் சத்தம் கேட்கிறது. பெரிய திருவிழா என்று தப்பாக நினைத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகக் கூடுகின்றன. போர் என்று அவற்றுக்குத் தெரியவே தெரியாது. ஆடிப் பாடிக் கொண்டாடுகின்றன. வில்லனை வீழ்த்துவது வாளும் அல்ல, மந்திரமும் அல்ல. ஆற்றங்கரையில் பயறு கழுவுமே அந்த அசுகி அராய், அதன் கையிலிருந்து தவறி விழுந்த ஒரே ஒரு சிவப்புப் பயறு!

படத்தில் பூதங்களுக்கெல்லாம் பெரியவராக ஒரு கிழவர் தோன்றுகிறார். அவர் மிசுகி ஷிகெருவே! அப்போது அவருக்கு 83 வயது. போர் கூடவே கூடாது, போரினால் பசிதான் மிஞ்சும் என்ற கருத்தில் இரண்டு வார்த்தை சொல்கிறார். ரபௌலில் பசியை அனுபவித்த மனிதர் சொல்கிறார். நடிப்பு என்று சொல்ல முடியுமா?

கடைசிக் காட்சி ஒன்று உண்டு. ததாஷி வளர்ந்து பெரியவனாகிவிட்டான். அவனோடு விளையாடிய ஒரு குட்டிப் பூதம் அவனைப் பார்த்துக் கூப்பிடுகிறது. அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. நடந்து போய்விடுகிறான்.

குழந்தைகள் அந்தக் குட்டிப் பூதத்தைப் பார்த்து வருந்துவார்கள். பெரியவர்களுக்குத் தங்களை நினைத்தே வருத்தம் வரும்.

"இன்னும் இருக்கிறது!"

மிசுகி 2015 நவம்பர் 30-ம் தேதி, தம்முடைய 93-ம் வயதில் காலமானார். சாகாய்மினாதோவில் அவர் பெயரால் ஒரு வீதி இருக்கிறது. 1993-ல் அந்த வீதியில் பூதங்களின் வெண்கலச் சிலைகள் 23 வைத்தார்கள். 2018-க்குள் அவை 177 ஆயின. பிள்ளைகள் அந்தச் சிலைகளைத் தடவிப் பார்த்தபடி நடக்கிறார்கள். நோன்னோன்பா கிழவிக்கும் அங்கே சிலை உண்டு.

1968 படத்தில் பூதங்களுக்குத் தலைமை தாங்கி வழி நடத்தும் ஒரு கிழப் பூதத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். வைக்கோல் மேலாடை, கல் போன்ற பெரிய தலை. பெயர் அபுராசுமாஷி.

இந்தப் பூதம் அமகுசா தீவைச் சேர்ந்தது. அங்கே சொல்லப்படும் கதை மிகவும் சிறியது. ஒரு பாட்டி பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் நடக்கிறாள். "முன் காலத்தில் இங்கே அபுராசுமாஷி என்று ஒன்று இருந்ததாம்" என்கிறாள். உடனே பக்கத்தில் ஒரு குரல் கேட்கிறது. "இப்போதும் இருக்கிறது!"

அவ்வளவுதான் கதை. பூதம் யாரையும் கடிக்கவில்லை. பிடித்துத் தின்னவில்லை. தன் பெயரை ஒருத்தி சொன்னாள். அதற்குப் பதில் சொல்லிற்று.

பாட்டி சொல்லியிராவிட்டால் அந்தக் குரல் கேட்டிருக்குமா? பூதங்கள் இருக்கின்றனவா, இல்லையா என்று விவாதம் செய்ய வேண்டாம். கதை சொல்ல ஒரு பாட்டியும், கையைப் பிடித்துக்கொண்டு கேட்க ஒரு குழந்தையும் இருந்தால் போதும். அவையும் இருக்கும்.

வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்களேன்!